நீரதிகாரி வேலைக்கு ஓர் ஆமை

முன்னொரு காலத்தில், ஓர் அரசர் பகல் தூக்கம் கலைந்து கண் விழித்தபோது, அவருடைய தலையணைமேல் ஒரு தவளை உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அரசர் அலறியடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தார். முழங்கால்வரை தண்ணீர்.

அரசர் பெயர் வீரகேசரி. நாட்டின் பெயர் என்னவாயிருந்தால் நமக்கென்ன? அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரிக்குக் கீழே தலைநகரம். மேட்டில் அரண்மனை, பள்ளத்தில் கீழத்தெரு. பெயர்தான் தெரு, உண்மையில் எண்ணூறு வீடுகள் கொண்ட ஓர் ஊர் அது. ஏழு வருடமாக ஒவ்வோர் ஐப்பசியிலும் கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மண்சுவர்கள் கரைந்து விழும். ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் திரும்பி வந்து மறுபடி சுவர் வைப்பார்கள். ஏழு வருடமும் அரசருக்கு மனு எழுதினார்கள். அந்த மனுக்களை அரண்மனையில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணூறு வீடுகள் மூழ்கியபோது வராத கோபம், ஒரு தவளையைப் பார்த்ததும் அரசருக்கு வந்தது. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. என்ன செய்ய, கதை அந்தத் தவளையில்தான் தொடங்குகிறது.

"இனி ஒரு சொட்டு வெள்ளம் என் அரண்மனைக்குள் வரக் கூடாது! வெள்ளத்தை அடக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வையுங்கள்!" என்று அரசர் உத்தரவு போட்டார். இந்தக் காலத்தில் தலைமைப் பொறியாளர் என்கிறோமே, அதே உத்தியோகம்தான். அந்த நாட்டில் அதற்கு நீரதிகாரி என்று பெயர் வைத்தார்கள்.

உத்தரவு தலைமை மந்திரி வல்லபராயரிடம் போயிற்று. நல்ல ஆளை எப்படிப் பிடிப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. ஆள் அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவியின் தம்பி குஞ்சிதபாதர், மூன்று வேளையும் அக்காள் கையால் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்குப் பொருந்துகிற மாதிரியும் வேறு யாருக்கும் பொருந்தாத மாதிரியும் விளம்பரம் எழுதுவது எப்படி என்பதுதான் மந்திரியின் கவலை. எழுதி முடிக்க ஒன்பது மாதம் ஆயிற்று.

ஆவணி மாதத்தில் ஒருநாள் சபையில் அந்த ஓலை வாசிக்கப்பட்டது. நீரதிகாரியாக வருகிறவருக்குத் தண்ணீரோடு முப்பது வருடப் பழக்கம் இருக்க வேண்டும். ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவருடைய பொறுப்பில் இருந்த கரை ஒன்றுகூட இதுவரை உடைந்திருக்கக் கூடாது. மேலதிகாரிகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவராக இருக்கக் கூடாது. இடது கன்னத்தில் மச்சம் இருப்பது அவசியம்.

சபை முழுவதும் குஞ்சிதபாதரின் இடது கன்னத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே மிளகளவுக்கு ஒரு மச்சம் இருந்தது.

அப்போது கடைசி ஆசனத்திலிருந்து ஒருவன் எழுந்தான். அவன்தான் அம்பலக்கூத்தன், அரண்மனை விகடன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. வேலை முடிந்ததும் அவன் போய்ப் படுப்பது கீழத்தெருவில்.

"மகாராஜா, ஓலையில் ஒரு குறை இருக்கிறது. மச்சம் வரை எழுதிய மந்திரியார் பெயரையும் எழுதியிருக்கலாம். தண்டோரா போடுகிறவனுக்குத் தொண்டையாவது மிஞ்சும்" என்றான்.

சபையில் சிரிப்பு கிளம்பியது. வல்லபராயரின் முகம் சிவந்தது. விகடன்மேல் அவருக்கு வெகுநாளாக உள்ளூரப் புகைச்சல். அரசரைத் தன்னால் தலையாட்ட வைக்க முடிகிறது, சிரிக்க வைக்க முடியவில்லையே என்று.

"அரசே! குறை சொல்வது எளிது. இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துகிற ஆளை விகடரே கொண்டு வரட்டும். ஓர் எழுத்தும் மாறக் கூடாது. பதினைந்து நாளில் முடியாவிட்டால் குஞ்சிதபாதருக்கு வேலை, விகடருக்கு நாட்டுக்கு வெளியே வழி. சம்மதமா என்று கேளுங்கள்" என்றார் வல்லபராயர்.

அரசருக்கு இப்படிப்பட்ட பந்தயங்கள் என்றால் கற்கண்டு. "ஓர் எழுத்தும் மாறாது. இது என் கட்டளை!" என்று தொடையைத் தட்டினார்.

அம்பலக்கூத்தன் சிரித்துக்கொண்டே வணங்கினான். வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

வீட்டில் அவன் மனைவி தையல்நாயகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஐப்பசியில எனக்கு நாள். போன வருசம் மேலண்டை வீட்டுக்காரி பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு மண்டபத்துல ரெண்டு நாள் நின்னாளே, பாத்தீங்கள்ல? உக்கார இடமில்ல, நின்னுக்கிட்டே பால் கொடுத்தா. அந்த மந்திரி மச்சான் வந்து வெள்ளத்த நிறுத்துவாருன்னா எனக்கு நம்பிக்கையில்ல. நீங்க நாட்ட விட்டுப் போறதப் பத்திக்கூட நான் கவலைப்படல, கூடவே வந்துருவேன். ஆனா இந்தத் தெருவுல இன்னும் பன்னெண்டு பேரு புள்ளத்தாச்சி. அவங்க எங்க போவாங்க?"

விடிந்ததும் அம்பலக்கூத்தன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆற்றுப் பக்கமாக மேல்நோக்கி நடந்தான். ஊர் ஊராக ஏரிகளைப் பார்த்தான். எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "உங்க ஏரிக்கரைய யாரு பாத்துக்கிறாங்க? அவரு வீடு எங்க இருக்கு?" பெரும்பாலான ஊர்களில் மேட்டுத் தெருவில் ஒரு காரைவீட்டைக் காட்டினார்கள். விகடன் அந்த வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஊருக்கு நடந்தான்.

ஐந்தாம் நாள் நெடுங்கரை என்ற ஊருக்கு வந்தான். அங்கே கேட்டதும் ஒருத்தி ஏரிக்கரைக்குக் கீழே, மதகுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கூரைவீட்டைக் காட்டினாள். கரை உடைந்தால் முதலில் போகிற வீடு அதுதான். அம்பலக்கூத்தனுக்கு அப்போதே மனசு துள்ளியது.

வீட்டுக்காரர் கரைமேல் இருந்தார். பெயர் குருந்தப்பன். ஐம்பது வயதைத் தாண்டிய, கறுத்து மெலிந்த மனிதர். இடுப்பில் ஒரு கூடை உமி. கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தண்ணீரில் தூவிக்கொண்டே கரையோரமாக நடந்தார்.

"ஐயா, மீனுக்கா?" என்று கேட்டான் விகடன்.

"மீனுக்கு இல்லீங்க, ஓட்டைக்கு. கரையில நண்டு வளை போட்டிருந்தா மேல தெரியாது. உமியத் தூவினா மெதுவாச் சுத்திக்கிட்டே அந்த எடத்துக்குப் போயி நிக்கும். இப்பவே அடைச்சுட்டா ஒரு கூடை களிமண்ணோட போச்சு. ஐப்பசியில பாத்தா ஊரே போயிரும்."

"உங்க வீட்ட ஏன் இங்க கொண்டாந்து கட்டியிருக்கீங்க?"

"எங்க ஊர் வழக்கம் அது. கரையப் பாத்துக்கிறவன் கரைக்குக் கீழதான் குடியிருக்கணும். மேட்டுல படுத்தா நல்லாத் தூக்கம் வருமில்ல?" என்று சிரித்தார் குருந்தப்பன்.

விகடன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வந்த கதையைச் சொன்னான். குருந்தப்பன் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நான் லாயக்கில்லீங்க. என் கரை மூணு தடவ உடைஞ்சிருக்கு. மொத தடவ, நண்டு வளைய நான் பாக்காம விட்டது. ரெண்டாவது தடவ, இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்னு பண்ணையார், மிச்சத் தண்ணி வழியிற கலங்கல்ல பலகைய வச்சு அடைக்கச் சொன்னாரு. தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு அடைச்சேன். அதுல நாப்பது மாடு போச்சு. மாட்டோட போச்சேன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஆறல. மூணாவது தடவ நானே வெட்டினேன். ஊர்ப் பக்கம் உடையப் போகுதுன்னு தெரிஞ்சு, எதிர்ப் பக்கத்துல வெட்டிவிட்டேன். தண்ணி என் வயல்லயே பாஞ்சிருச்சு."

அம்பலக்கூத்தன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்கதான் வேணும். நிபந்தனைய நான் பாத்துக்கிறேன். வாங்க!"

தலைநகரத்துக்கு வந்ததும் குருந்தப்பன் அரண்மனைக்குப் போகவில்லை. ஏரிக்குப் போனார். கரை முழுவதும் உமி தூவினார். பிறகு, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து விழுகிற கலங்கலுக்குப் போனார். விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்று வாய்க்காலோடு நடந்து பார்த்தார். ஓரிடத்தில் வாய்க்கால் ஒரு பெரிய மதில்சுவரில் முட்டி நின்றுபோயிற்று. அவர் மதிலைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

"அரசரோட நந்தவனம்" என்றான் விகடன்.

"அப்ப இந்த வேலைக்கு ஆளு கெடைக்காதது ஆச்சரியமில்ல" என்றார் குருந்தப்பன்.

பதினைந்தாம் நாள் சபை கூடியது. குஞ்சிதபாதர் சரிகைத் தலைப்பாகையோடு வந்திருந்தார். அம்பலக்கூத்தன் குருந்தப்பனை வாசலில் நிறுத்திவிட்டு, ஈரத்துணி மூடிய ஒரு பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கூடையை அரசர் முன்னால் இறக்கித் துணியை எடுத்தான். உள்ளே ஓர் ஆமை.

"மகாராஜா, நீரதிகாரி வந்திருக்கிறார்."

"என்ன விளையாட்டு இது!" என்று கத்தினார் வல்லபராயர்.

"ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்பது அரச கட்டளை. நான் மாற்றவில்லை. இவர் கோயில் குளத்து ஆமை. குஞ்சாக விட்டு முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. பூசாரி சாட்சி. ஆக, வயது முப்பத்தைந்துக்குள். பிறந்த நாளிலிருந்து தண்ணீரோடு பழக்கம். இவருடைய பொறுப்பில் இருந்த கரை ஒன்றுகூட உடைந்ததில்லை. மேலதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இடது கன்னத்தைப் பாருங்கள், கறுப்பாக அழகான மச்சம்!"

அரசர் குனிந்து பார்த்தார். மச்சம் இருந்தது. அவருடைய உதடு துடித்தது.

"அரசே, இந்தப் பிராணி எந்தக் கரையையும் கட்டியதே இல்லை! பிறகு எப்படி உடையும்?" என்றார் வல்லபராயர்.

"அதேதான் மந்திரியாரே. தங்கள் மைத்துனர் இதுவரை எத்தனை கரை கட்டியிருக்கிறார்?"

குஞ்சிதபாதர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அரசர் அடக்கிவைத்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சபையும் சேர்ந்து சிரித்தது.

"சரி, பந்தயத்தில் நீ பிழைத்தாய். அதற்காக ஆமையின் விரலில் முத்திரை மோதிரத்தைப் போட முடியுமா? எனக்கு உண்மையில் ஓர் ஆள் வேண்டுமே!" என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாசலில் இன்னொருவர் நிற்கிறார், மகாராஜா. அவரிடம் மச்சம் இல்லை. தாங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போன வருடம் தண்ணீர் தங்கள் கட்டில்வரை ஏன் வந்தது?"

குருந்தப்பன் உள்ளே அழைக்கப்பட்டார். கேள்வி முதலில் ஆமையிடம் போயிற்று. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்து குஞ்சிதபாதர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரகங்களின் நிலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். மழைத் தெய்வத்துக்கு யாகமும், அரண்மனையைச் சுற்றி முப்பதடி உயரத்துக்கு ஒரு மதிலும் போதும் என்று முடித்தார். தண்ணீர் மதிலில் முட்டித் திரும்பினால் எங்கே போகும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

குருந்தப்பனின் முறை வந்தது. அவர் சுற்றிலும் இருந்த தூண்களையும் பட்டுத் திரைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"உங்களாலதாங்க சாமி" என்றார்.

வல்லபராயர் ஆசனத்திலிருந்து பாதி எழுந்தார். குருந்தப்பன் நிறுத்தவில்லை.

"கலங்கல்ல விழுற தண்ணி ஆத்துக்குப் போறதுக்கு ஒரு வாய்க்கால் இருந்திருக்கு. அதத் தூத்து அதும்மேல நந்தவனம் போட்டிருக்கீங்க. தண்ணி உங்க மதில்ல முட்டித் திரும்பிக் கீழத்தெருவுக்குள்ள போகுது. ஏழு வருசமா அப்படித்தான். போன வருசம் மழை சாஸ்தி. கீழத்தெரு நெரம்பி, மிச்சம் உங்கள்ட்ட வந்துச்சு. நந்தவனத்துக்கு நடுவால வெட்டணும். ஐப்பசிக்குள்ள வெட்டணும். எதுத்துப் பேசுறேன்னு நெனைக்காதீங்க சாமி. ஒரு தடவ தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

அரசரின் நந்தவனம் சாமானியமானதில்லை. பதினேழு வகை மல்லிகை, செய்குன்று, பொன்முலாம் பூசிய ஊஞ்சல். அரசர் எழுந்து நின்றார். சிரித்த முகமா அது என்று இருந்தது.

"வல்லபராயரே! நந்தவனம் போட்டபோது இடத்தைப் பார்த்தவர் நீர்தானே. அங்கே வாய்க்கால் இருந்ததா?"

"அப்படி ஒன்று இருந்ததே இல்லை, அரசே. வெறும் மேய்ச்சல் தரை" என்றார் வல்லபராயர், கண் இமைக்காமல்.

"கேட்டீர்களா? இனி என்னைத் தவிர வேறு எவனாவது என் நந்தவனத்தில் மண்வெட்டி வைத்தால் அவன் தலை அவனுக்கில்லை! பத்து நாள் தருகிறேன். வாய்க்கால் இருந்தது என்று இந்த மனிதன் காட்ட வேண்டும். இல்லையென்றால் இவனும் இவனைக் கூட்டிவந்த விகடனும் நாட்டில் இருக்கக் கூடாது!"

ஒருவனையும் தோண்டவிடாமல், தோண்டினால் மட்டுமே தெரிகிற ஒன்றைக் காட்டச் சொன்னார். அரசர்களுக்கு இதெல்லாம் நியாயமாகத்தான் தெரியும்.

"உத்தரவு, மகாராஜா" என்று அம்பலக்கூத்தன் தரைவரை குனிந்து வணங்கினான். வெளியே வந்ததும் குருந்தப்பன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன சாமி இது, கையையும் கட்டிட்டுக் காலையும் கட்டிட்டாரே?"

"எல்லார் கையையும் கட்டல. ஒரு ஆளோட கைய விட்டுட்டாரு. கவனிச்சீங்களா?" என்றான் விகடன்.

மறுநாள் காலையில் அரசர் ஊஞ்சலில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேளதாளம் கேட்டது. அம்பலக்கூத்தன் வெள்ளித் தாம்பாளத்தில் ஒரு மண்வெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். பின்னால் குருந்தப்பன் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார். கலங்கல் பக்கம் ஒரு மூங்கில் கழியும் ஆற்றுப் பக்கம் ஒரு மூங்கில் கழியும் உயரமாக நட்டிருந்தார். இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்து, மல்லிகைப் பந்தல்களுக்கு நடுவே நேராகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே போயிற்று.

"என்ன இது?" என்றார் அரசர்.

"தங்கள் கட்டளை, மகாராஜா. தங்களைத் தவிர வேறு எவரும் இங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது. ஆகவே தாங்கள்தான் வெட்ட வேண்டும். நீளம் அறுநூறு அடி. பத்து நாள்தான் கொடுத்திருக்கிறீர்கள். நாளுக்கு அறுபது அடி வெட்டினால் சரியாக இருக்கும். நேரமாகிறது."

ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அரசருக்குக் கோபம் வந்தது. அது பாதி வழியில் நின்றுபோயிற்று. கட்டளை தன்னுடையதாயிற்றே! அதோடு, தன் புஜபலத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இளவயதில் மல்யுத்தம் பயின்றவர்.

"அறுபது அடி என்ன, நூறு அடி வெட்டுகிறேன். வாய்க்காலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று நானே காட்டுகிறேன். கொடு இப்படி!" என்று மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியை வாங்கினார்.

முதல் பத்து வெட்டு அழகாக விழுந்தது. இருபதாவது வெட்டில் மூச்சு வாங்கியது. விஷயம் தெரிந்து வல்லபராயர் ஓடிவந்தார். அரசர் கணுக்காலளவு பள்ளத்தில் நின்று வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் மண்வெட்டிக்குக் கையை நீட்டினார்.

"அரசே, தாங்களா! இப்படி நகருங்கள், நான் வெட்டுகிறேன்!"

"குடை பிடியுங்கள் மந்திரியாரே, அதற்குத் தடையில்லை. மண்வெட்டியைத் தொட்டால் தலை போய்விடும்" என்றான் விகடன்.

மந்திரி குடை பிடித்தார்.

அதற்குள் மதிலுக்கு வெளியே கீழத்தெரு ஜனங்கள் கூடிவிட்டார்கள். நானூறு பேர் இருக்கும். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு மண்வெட்டி, இடுப்பில் ஒரு கூடை. வாயில் திறந்திருந்தது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. அரசர் ஒவ்வொரு வெட்டுக்கும் நிமிரும்போது அவர்களைப் பார்த்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த நானூறு ஜோடிக் கைகள் சும்மா இருந்தன, தன் ஒரு ஜோடிக் கை கொப்பளித்துக்கொண்டிருந்தது.

முழங்காலளவு ஆழம் போயிற்று. "டங்" என்று ஒரு சத்தம். கைகள் அதிர்ந்து மண்வெட்டி நழுவியது. அரசர் குனிந்து மண்ணை ஒதுக்கினார். செதுக்கிய கருங்கல். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கல். அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே சரிவில், ஒரே வரிசையில் பதிந்திருந்தன. சுண்ணாம்புக் கோட்டுக்கும் அந்த வரிசைக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

குருந்தப்பன் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். "இது வாய்க்காலோட பக்கச் சுவருங்க சாமி. யாரு கட்டினாங்களோ, நல்ல வேலைக்காரங்க. சரிவு பாருங்க, ஒரு விரக்கடை தப்பல" என்றார்.

அரசர் இன்னும் கொஞ்சம் மண்ணை ஒதுக்கினார். ஒரு கல்லில் அவருடைய பாட்டனாரின் முத்திரை செதுக்கியிருந்தது.

அவர் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வல்லபராயரைப் பார்த்தார். மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "வயதாகிவிட்டது, அரசே... மறந்து..." என்று இழுத்தார். அவர் பிடித்திருந்த குடை தரையில் சாய்ந்தது.

வெளியே கூட்டத்தில் ஒரு பெண் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "ஏழு தடவ எங்க வீட்டுச் சுவரு விழுந்துச்சு. கல்லு இங்கதான் இருந்துருக்கு."

அரசர் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏழு வருடமாக என் பாட்டனாரின் வாய்க்காலுக்கு மேலே ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறேன்! அதைத் தோண்டிக் காட்ட என்னையே கூலியாளாக வைத்தான் பார், இந்த விகடன்!" சிரித்து முடித்தபோது அவருடைய முகத்தில் வெட்கம் இருந்தது. அரசர் முகத்தில் வெட்கத்தைப் பார்ப்பது அபூர்வம், எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"உள்ளே வாருங்கள்! என் கட்டளையை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வெட்டுங்கள்!" என்று வாயிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

நானூறு மண்வெட்டிகள் இறங்கின. முன்னின்று வேலை வாங்கியவர் நீரதிகாரி குருந்தப்பன். முத்திரை மோதிரம் விரலில் உறுத்துகிறது என்று அதைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டார். மல்லிகைக் கொடிகளை வேரோடு பெயர்த்துக் கரையோரமாக நட்டார்கள். மதிலில் இரண்டு பக்கமும் வளைவு வைத்துத் திறந்தார்கள். அரண்மனையில் குருந்தப்பனுக்கு மாளிகை ஒதுக்கினார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தை அழைத்துவந்து ஏரிக்கரைக்குக் கீழே கூரைவீடு கட்டினார். வல்லபராயரிடமிருந்து மந்திரி முத்திரையை அரசர் வாங்கிக்கொண்டார். குஞ்சிதபாதருக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஏரிக்கு உமி சுமந்தார். முதல் மாதம் முனகினார், அப்புறம் பசி நன்றாக எடுக்கிறது என்று அவரே சொன்னார்.

ஐப்பசி வந்தது. மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பிக் கலங்கலில் இரைச்சலோடு விழுந்தது. கீழத்தெருவில் ஒருவரும் தூங்கவில்லை. மூட்டை கட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நந்தவனத்துக்குள் புகுந்து, கல்வரிசையைத் தொட்டுக்கொண்டு, ஊஞ்சல் இருந்த இடத்தைத் தாண்டி, ஆற்றில் போய் விழுந்தது. தெருவுக்குள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு வீடாக மூட்டையைப் பிரித்தார்கள். எண்ணூறு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அன்றைக்கு அரசர் குடையைப் பிடித்துக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தே வந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. அம்பலக்கூத்தன் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். விகடன் ஏணிமேல் நின்று உத்திரத்தில் தொங்கிய நான்கு கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன கயிறு?" என்று கேட்டார் அரசர்.

"மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம், மகாராஜா. தண்ணீர் வந்தாலும் கட்டில் மிதக்காமல் இருக்கும். இந்த வருடம் இது தேவைப்படவில்லை. அதனால் அவிழ்க்கிறேன்."

அப்போது உள்ளறையிலிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. அவளுக்கு யார் வந்திருக்கிறார் என்று தெரியாது.

"ஏங்க! அவுக்காதீங்க, ரெண்டு கயித்த விட்டு வைங்க! வலி எடுத்துருச்சு. மருத்துவச்சியக் கூப்புடுங்க. நாளைக்கு அதுலதான் தொட்டில் கட்டணும்!"

விகடன் ஏணியிலிருந்து பாதி இறங்கிப் பாதி விழுந்தான். மருத்துவச்சி வீட்டை நோக்கி அவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அரசர் சிரித்தார், தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளிலிருந்த பட்டு மேலாடையை எடுத்தார். ஏணிமேல் ஏறி அதைக் கயிற்றில் கட்டி, தாங்குகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்தார். தாங்கியது.